உறந்தையில் ஒரு பகல்

புத்தூர், விடியற்காலை

ஒரே நாளில் நடந்து பார்த்துவிடக்கூடிய தலைநகரங்கள் ஐரோப்பாவில் சில உண்டு. மால்டாவின் வாலெட்டா ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1566இல் கடலோரப் பாறைமேல் கட்ட ஆரம்பித்த ஊர் அது. இன்றும் அதன் தெருக்கள் நேர்நேராக ஓடிக் கடலில் முடிகின்றன. லீக்டன்ஸ்டைனின் வாடூஸில் ஆறாயிரம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். குன்றின்மேல் கோட்டை, கோட்டைக்குள் இளவரசர் குடும்பம். அங்கெல்லாம் நடப்பவருக்குத் தான் நிற்பது ஒரு தலைநகரம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொடி பறக்கும், காவலர் நிற்பார், மன்றக் கட்டடம் கண்ணில் படும்.

பழம்பாடல்கள் உறந்தை என்று சொல்லும் உறையூரில் அப்படி எதுவும் இல்லை. மதில் இல்லை, அகழி இல்லை, அரண்மனை இருந்த மேடு என்று கை நீட்டிக் காட்ட ஓர் இடம் இல்லை. மலைக்கோட்டைக்கு மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில், திருச்சி மாநகராட்சிக்குள் கலந்துபோன ஒரு பகுதி. டவுன் பஸ்ஸில் அது ஒரு நிறுத்தம். ஆனால் இதுதான் முற்காலச் சோழரின் தலைநகரம். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் வரும் ஓர்த்தூரா என்ற அரசிருக்கை இந்த ஊர்தான் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். இந்தத் தலைநகரை ஒரு பகல் முழுக்க நடந்து பார்ப்பது, தெற்கே புத்தூரில் தொடங்கி வடக்கே காவிரியில் முடிப்பது என்று கிளம்பினேன்.

உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஆவணி மாதம், கலங்கல் இன்னும் தெளியவில்லை. இந்த வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் பிரிந்து, நகரத்தை ஊடறுத்து, வாழவந்தான்கோட்டை ஏரிவரைக்கும் போகிறது. உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராசராசனின் பட்டப்பெயர். அப்போதே சோழர் உறையூரை விட்டுப் போய் நெடுங்காலம் ஆகியிருந்தது. விசயாலயன் 850ஐ ஒட்டித் தஞ்சையைப் பிடித்த பிறகு அரசு அங்கே போய்விட்டது. தலைநகரம் கைமாறிப் போன ஊருக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது.

கரையில் ஒருவர் குனிந்து வாய்க்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தார். வாய்க்காலில் பிளாஸ்டிக் பைகள் மிதக்கின்றன, ஓரத்தில் ஆகாயத்தாமரை அடர்ந்திருக்கிறது. அவர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டேதான் ஒற்றிக்கொண்டார்.

பெயர்கள்

நடக்கையில் ஒரு வரைபடம் வேண்டும். உறையூரின் பழைய வரைபடம் எனக்குப் புலவர்களின் பெயர்களில் கிடைக்கிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். உறையூர் இளம்பொன் வாணிகனார். உறையூர் முதுகூத்தனார். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் ஊரையும் சேரியையும் தொழிலையும் பெயரோடு சேர்த்துக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஏணிச்சேரி என்று ஒரு பகுதி இருந்திருக்கிறது. ஒரு மருத்துவர் நோயாளிகளைப் பார்த்த நேரம் போகப் பாட்டு எழுதியிருக்கிறார். பொன் வணிகம் செய்த ஒருவர், இறந்துபோன வீரனின் நடுகல்லைப் பற்றிப் பாடியிருக்கிறார்.

வாலெட்டாவின் தெருப்பெயர்ப் பலகைகளைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. எந்தத் தெரு என்று தெரியாது, ஆனால் யார் வாழ்ந்தார் என்று தெரியும். புத்தூர் நால்ரோட்டைத் தாண்டி நடக்கும்போது ஒரு கிளினிக் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. தாமோதரனாரை நினைத்துக்கொண்டேன்.

பஞ்சவர்ணசுவாமி கோயில்

திருஞானசம்பந்தர் பாடிய மூக்கீச்சரம் இது. உதங்க முனிவருக்கு இறைவன் ஐந்து வேளையில் ஐந்து நிறத்தில் தோன்றினார் என்பது தலபுராணம். கூட்டம் இல்லாத காலை, குருக்கள் திருநீறு கொடுத்துவிட்டு, "எங்கேர்ந்து வர்றேள்?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு சிறிய புடைப்புச் சிற்பம் உண்டு. யானையைச் சேவல் தாக்குகிறது. உறையூருக்குக் கோழி என்று இன்னொரு பெயர் வந்ததற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். இந்த மண்ணில் ஒரு சேவல் யானையை எதிர்த்துப் போரிட்டு வென்றதைப் பார்த்துச் சோழன் இங்கே தலைநகரம் அமைத்தான் என்பது அந்தக் கதை. சிலப்பதிகாரமும் இதைச் சொல்கிறது. சிற்பம் கையகல அளவுதான்; எண்ணெயும் விரல்களும் பட்டுப்பட்டு விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. யானையின் உருவம் சட்டென்று தெரிகிறது, சேவலைக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது. வெகுநேரம் நின்றேன்.

தலைநகரம் அமைக்க அரசர்கள் தேடும் காரணங்கள் பெரும்பாலும் மலை, ஆறு, துறைமுகம், எதிரியின் தூரம். இந்தக் கதையைச் சொன்னவர்கள் வேறொன்றைக் காரணமாக வைத்தார்கள். சிறியது பெரியதை எதிர்த்து நிற்கக்கூடிய மண் இது என்பது அவர்கள் சொல்ல விரும்பியது. உண்மையில் நடந்ததா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். தங்கள் ஊரைப் பற்றி இப்படி ஒரு கதையை நம்ப விரும்பிய மக்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

தறிச் சத்தம்

கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் முன்பெல்லாம் விடிந்ததும் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். தெருவே நூலாகக் கிடக்கும். இப்போது தெருவை மோட்டார் சைக்கிள்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் காதைக் கொடுத்து நடந்தால் எங்கோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து தறியின் சத்தம் வருகிறது. நாடா ஒரு பக்கம் போய் இடிக்கும் ஓசை, பலகை வந்து அடிக்கும் ஓசை, மறுபடி நாடா. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு வீட்டு வாசலுக்குப் போனேன்.

திண்ணையில் ஒரு அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். சிட்டத்திலிருந்து நூல் விரல்களுக்கு இடையே ஓடித் தாரில் ஏறுகிறது. இடது கை விரல்கள் நூலைத் தொடுகின்றனவா இல்லையா என்றே தெரியாத மெல்லிய தொடல். நூல் அறுந்தால் ராட்டை நிற்பதற்குள் அந்த விரல்கள் முடிச்சுப் போட்டுவிடுகின்றன. உள்ளே குழித்தறியில் அவர் மகன்.

"வாங்க தம்பி, உக்காருங்க. சேல பாக்க வந்தீங்களா?"

"சும்மா நடந்து வந்தேம்மா. சத்தம் கேட்டுச்சு."

"சத்தம் கேக்குற வூடு இப்ப கொஞ்சந்தான். முன்னயெல்லாம் ராத்திரி சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்."

பெரிப்ளூஸ் என்ற முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் குறிப்பில் அர்காரு என்ற உள்நாட்டு ஊரும், அங்கிருந்து போன மெல்லிய துணியும் வருகின்றன. அந்த அர்காரு உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் கே. வி. இராமன் தலைமையில் இங்கே அகழாய்வு செய்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன, ரூலெட் பானை ஓடுகள் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய சாயத் தொட்டி ஒன்றும் கிடைத்தது. அரண்மனையின் தடம் கிடைக்காத ஊரில் நூலுக்குச் சாயம் ஏற்றிய தொட்டி கிடைத்திருக்கிறது. இதை நான் ஒரு குறையாக எண்ணவில்லை.

அந்த அம்மா தார் சுற்றி முடித்து, நிரம்பிய தார்களை ஒரு சின்னக் கூடையில் போட்டு உள்ளே தள்ளினார். மகன் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி ஒன்றை எடுத்து நாடாவுக்குள் வைத்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மோர் கொடுத்தார்கள். குடித்தேன்.

இதே உறையூரின் இன்னொரு கைவேலை சுருட்டு. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று உலகம் அறிந்த பொருள் பெரும்பாலும் இங்கே சுருட்டப்பட்டதுதான். 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே துப்பறிவதற்கு இந்தச் சுருட்டின் சாம்பல் உதவுகிறது. இப்போது சுருட்டுபவர்கள் மிகச் சிலர். புகையிலைக்காக நான் வருந்த மாட்டேன். அந்தக் கைகளுக்கு வேறு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

வெக்காளியம்மன், உச்சி

இந்த அம்மனுக்குக் கூரை இல்லை. நாலு பக்கமும் மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். அம்மன் இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும் வானம். நான் போன நேரத்தில் வெயில் நேராக விக்கிரகத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் நனைவாள், வெயில் அடித்தால் காய்வாள்.

காரணம் தலபுராணத்தில் இருக்கிறது. சாரமா முனிவர் தாயுமானவரான சிவனுக்காக வளர்த்த நந்தவனத்துப் பூக்களை ஒருவன் பறித்து அரசனுக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் அரசன் கேட்கவில்லை. சிவன் சினந்து உறையூரின்மேல் மண்மாரி பொழிந்தார். வீடிழந்த மக்கள் ஊர் எல்லையில் இருந்த இந்த அம்மனிடம் ஓடிவந்தார்கள். மக்கள் எல்லாருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் இருந்துவிட்டாள்.

ஒரு கோயிலின் கட்டடக் கலையில் இதைவிடப் பெரிய வாக்குறுதியை நான் பார்த்ததில்லை. வீடில்லாதவர்கள் இந்த நகரத்தில் இன்றும் இருக்கிறார்கள். அதனால் அவளும் இன்னும் வெயிலில் இருக்கிறாள்.

சன்னதிக்கு எதிரே நட்டிருக்கும் சூலத்தில் மனுச் சீட்டுகளைக் கட்டுகிறார்கள். தங்கள் குறையைத் தாளில் எழுதி, மடித்து, கட்டிவிட்டுப் போகிறார்கள். தூணோரம் ஒரு பெண் முழங்காலின்மேல் கைப்பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி எழுதுவாள், நிறுத்துவாள், அம்மனை நிமிர்ந்து பார்ப்பாள். தாள் நிரம்பியதும் பின்பக்கம் திருப்பினாள். விலாசத்தைக்கூட எழுதினாள் என்று நினைக்கிறேன்; கடைசியில் அரசாங்க விண்ணப்பத்தில் போடுவதுபோல் இடது ஓரத்தில் ஏதோ குறித்து, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள்.

உறந்தையின் அவையத்தில் அறம் நிலைத்திருந்தது என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. புறநானூற்றில் மாறோக்கத்து நப்பசலையார், சோழன் கிள்ளிவளவனிடம் முறை தவறாமை உனக்குத் தனிப் புகழ் ஆகாது என்கிறார். உறந்தை அவையில் அது எப்போதும் உள்ளதுதானே என்பது அவர் பேச்சின் சாரம். நீதி வழங்கியதற்காக அரசனைப் புகழ மறுக்கும் புலவர், அந்த மறுப்பையே ஊருக்குப் பெருமையாக வைக்கிறார்.

அந்த அவை எங்கே இருந்தது என்று காட்ட ஒரு செங்கல் இல்லை. ஆனால் குறையோடு வருகிறவர் எழுதிக் கொடுக்க ஓர் இடம் இந்த ஊரில் இருக்கிறது. நான் இரண்டையும் வரலாற்று நூலால் இணைத்துக் கட்டவில்லை. ஒரு தலைநகரத்தின் முதல் வேலை முறையீட்டைக் கேட்பது என்றால், உறையூரில் அந்த வேலை இன்றும் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆளில்லாத மன்றம்

பிற்பகல். நிழல் தேடி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புலவர் பொத்தியாரை நினைக்கிறேன்.

கோப்பெருஞ்சோழன் உறையூரிலிருந்து ஆண்டவன். தன் புதல்வரோடு பகை மூண்டபோது ஆட்சியை விட்டு வடக்கிருந்து உயிர் துறந்தான். பார்த்தறியாத நண்பர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து உடன் இருந்து உயிர் விட்டதை எல்லாரும் அறிவோம், பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். பொத்தியார் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவரும் கூட இருக்கத்தான் நினைத்தார். உன் மனைவிக்குக் குழந்தை பிறந்த பிறகு வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் உறையூருக்குத் திரும்பினார்.

அரசன் இல்லாத உறையூரை அவர் பார்த்த விதம் புறநானூற்றில் இருக்கிறது. பல காலம் சோறூட்டி வளர்த்த யானையை இழந்த பாகன், வெறுமையாய் நிற்கும் கட்டுத்தறியைக் கண்டு அழுவதைப்போல், அரசன் போய்விட்ட மூதூரின் மன்றத்தைக் கண்டு அழுதேன் என்கிறார். அரண்மனையைப் பார்த்து அழவில்லை, மன்றத்தைப் பார்த்து அழுகிறார். எல்லாரும் கூடுகிற பொது இடம் அது. அங்கே ஆட்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஒருவர் இல்லை, அதனால் ஊர் வெறுமையாகிவிட்டது.

தலைமை போன தலைநகரத்தில் நடந்த முதல் ஆள் என்று நான் அவரைத்தான் கொள்கிறேன். எனக்கு அந்தத் துக்கம் இல்லை. நான் இழந்த அரசன் யாரும் இல்லை. ஆனால் காலையிலிருந்து இல்லாத ஒன்றைத் தேடித் தேடிக் கண் அலைந்துகொண்டிருந்ததை மரத்தடியில் உணர்ந்தேன். எங்கே மதில், எங்கே வாயில்? நெடுங்கிள்ளி இந்த ஊரின் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தபோது, கோவூர்கிழார் இருவருக்கும் நடுவே நின்று, சூடியிருப்பது இருவருமே ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்று சொன்னாரே, அந்தக் கதவு எங்கே?

பாண்டியன் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216இல் பட்டத்துக்கு வந்தவன். தஞ்சையையும் உறந்தையையும் தீயிட்டதாக அவன் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. திருவெள்ளறைக் கோயில் கல்வெட்டுப் பாட்டு ஒன்று, சோழ நாட்டில் அவன் பிடுங்காமல் விட்டது பதினாறு தூண்களைத்தான் என்கிறது. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குப் பரிசாகக் கொடுத்த மண்டபத்தின் தூண்கள் அவை. எந்த ஊரில் நின்றன என்று பாட்டு சொல்லவில்லை. பாட்டுக்காக விடப்பட்ட அந்தத் தூண்களும் பிறகு போய்விட்டன, அவற்றைப் பற்றிய பாட்டு மட்டும் வடக்கே திருவெள்ளறைக் கல்லில் இருக்கிறது.

மரத்தடியிலிருந்து எழுந்த பிறகு நான் மதிலைத் தேடவில்லை. டீக்கடையில் நின்றவர்களையும், பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகளையும், இஸ்திரி வண்டிக்காரரின் கரிப்பெட்டியையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். நடை லேசாகிவிட்டது.

நாச்சியார் கோயில், மாலை

கமலவல்லி நாச்சியார் இந்த ஊர்ப் பெண். தாமரையில் குழந்தையாகக் கிடைத்தவளை நந்த சோழன் வளர்த்து, அரங்கனுக்கு மணம் முடித்துக் கொடுத்தான் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. நூற்றெட்டுத் திருப்பதிகளில் இது ஒன்று. இங்கே அழகிய மணவாளர் வடக்கு நோக்கி நிற்கிறார். ஆற்றுக்கு அப்பால் திருவரங்கத்தில் பெரிய பெருமாள் தெற்கு நோக்கிக் கிடக்கிறார். நடுவில் காவிரி.

பங்குனித் திருநாளின் ஆறாம் நாள், நாச்சியாரின் ஆயில்ய நட்சத்திரத்தில், நம்பெருமாள் பல்லக்கில் ஆற்றைக் கடந்து இங்கே வந்து சேர்த்தி சேவை சாதித்துவிட்டுத் திரும்புகிறார். அதற்கு மூன்று நாள் கழித்துப் பங்குனி உத்திரத்தில் அங்கே ரங்கநாயகித் தாயார் கதவை அடைத்துக்கொள்வதும், மட்டையடியும், சமாதானமும் திருச்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் சொந்த வீட்டு விஷயம். உறையூர்ப் பங்குனி உத்திரம் என்பது இறையனார் களவியல் உரையிலேயே பேர்பெற்ற விழாவாக வருகிறது.

இந்தக் கோயிலில் எனக்கு நெஞ்சு கனத்தது வேறொன்றால். திருப்பாணாழ்வார் இந்த ஊரில் பிறந்தவர். பாணர் குலம். அரங்கத்தை மிதிக்கத் தகாதவர் என்று அந்நாள் சமூகம் ஒதுக்கி வைத்ததால், தென்கரையில் நின்று யாழோடு பாடிக்கொண்டிருந்தார். கரையை விட்டு நகரவில்லை என்று ஒரு நாள் அவர்மேல் கல்லெறிந்தார்கள். எறிந்தவர் உலோகசாரங்க முனிவர் என்றும், அந்தக் காயத்தின் ரத்தம் அரங்கனின் நெற்றியில் கசிந்தது என்றும், அவரே பாணரைத் தோளில் தூக்கிவர வேண்டும் என்று அரங்கன் கட்டளையிட்டான் என்றும் குருபரம்பரை சொல்கிறது. தோளில் அமர்ந்து போனவர் அமலனாதிபிரான் பத்துப் பாசுரம் பாடி அங்கேயே கலந்தார்.

நானோ இன்று மாலை பாலத்தில் நடந்து ஆற்றைத் தாண்டப் போகிறேன், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. உறையூர்க்காரர் அவர். ஆயுள் முழுக்க எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் காலால் அதை மிதிக்கவே இல்லை. இது பக்தியின் பெருமையாக மட்டும் எனக்குக் கேட்கவில்லை. கல் முதலில் எறியப்பட்டது. தோள் பிறகுதான் வந்தது.

காவிரிப் பாலம்

கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் இதே ஆற்றை எதிர்த்திசையில் கடந்தார்கள். அரங்கத்தில் தங்கிவிட்டு, ஓடத்தில் தென்கரை சேர்ந்து, உறையூருக்குள் புகுந்து, இரவைக் கழித்து, விடியலில் மதுரைக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கும் இந்தத் தலைநகரம் ஒரு நாள் நடைவழிதான். இளங்கோவடிகள் இங்கே அரசனைக் காட்டவில்லை. ஊருக்குப் புறத்தே சோலையில் கண்ணகியை இழிவாகப் பேசிய இருவரையும், அவர்கள்மேல் கவுந்தி கொண்ட கோபத்தையும் காட்டினார்.

பாலத்தில் நடைபாதை ஓரம் கைப்பிடிச் சுவரில் பலர் சாய்ந்து நிற்கிறார்கள். ஆறு அகலமாகப் போகிறது. தெற்கே மலைக்கோட்டை, வடக்கே இராஜகோபுரம்.

முதுகூத்தனார் அகநானூற்றில் ஒரு காட்சி வைத்திருக்கிறார். உறந்தையின் பங்குனி விழா முடிந்த மறுநாள். நேற்றுக் கூட்டம் கூடிய ஆற்றங்கரைச் சோலை. சமைத்துண்டவர்கள் போய்விட்டார்கள், தீ அவிந்த அடுப்புகள் மட்டும் கிடக்கின்றன. காதலன் பிரியப் போகிறான் என்று அறிந்த பெண்ணின் நெற்றி அப்படிப் பொலிவிழந்திருக்கிறது என்கிறார். ஊர்க்காரர் எழுதியது அது. விழாவுக்கு வந்த வெளியூர்க்காரர் மறுநாள் காலை அங்கே இருந்திருக்க மாட்டார்.

வரும் பங்குனித் திருநாளின் ஆறாம் நாள் பல்லக்கோடு ஆற்றில் இறங்கி உறையூர்வரை நடக்க எண்ணம். அன்று இரவு ஊரிலேயே தங்க வேண்டும். நெசவுக்கார அம்மாவின் தெருவில் திண்ணை கிடைக்குமா என்று அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். பெருமாள் திரும்பிப் போன மறுநாள் காலை நாச்சியார் கோயில் வாசல் எப்படி இருக்கும், யார் கூட்டுவார்கள், முதலில் எந்தக் கடை திறக்கும், தறி எத்தனை மணிக்குச் சத்தம் போடத் தொடங்கும் என்பதெல்லாம் பார்க்க வேண்டும். விழாவைவிட எனக்கு அந்த மறுநாள்தான் முக்கியம்.